வராத மழைக்கு வெட்டிய குழி

வகுப்பில் தாழமுக்கம் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக இருக்கும். பிள்ளைகளுக்கு அது சுலபமான பாடம். கடல் சூடாகிறது, ஈரக்காற்று மேலே எழும்புகிறது, கீழே அமுக்கம் குறைகிறது, சுற்றியிருக்கும் காற்று அங்கே ஓடிவந்து சுழல்கிறது. நன்றாக வலுத்தால் புயலாகிவிடும், பெயர் வைப்பார்கள். வலுக்காவிட்டால் பெயர் கிடையாது. "வலுக்காட்டி ஒன்னும் ஆகாதுதானே டீச்சர்?" என்று இந்த முறை ஒரு பிள்ளை கேட்டாள். ஆகாது என்று சொல்லிவிட்டுப் பலகையை அழித்தேன். பரீட்சைக்கு அதுதான் விடை.

என் அப்பா மாவனல்லைக்கு மேலே ஓர் இறப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். மழையை அவர் திட்டாத நாள் குறைவு. மரம் நனைந்தால் பால் சிரட்டைக்குள் விழாமல் பட்டையெல்லாம் வழிந்து வீணாகும். ஒரு மழைக்காலத்தில் பக்கத்து லயத்து வரிசை வீடொன்றில் ஒருவர் இறந்தார். குழியில் ஊறிய தண்ணீரை வாளியால் இறைத்து இறைத்துப் பார்த்தும் முடியாமல், மிதந்த பெட்டியைக் கம்பால் அழுத்திப் பிடித்துத்தான் மண் போட்டார்களாம். அப்பா குளித்துவிட்டு வந்து, சாப்பாட்டைத் தொடாமல், "என்னைய மட்டும் தண்ணியில போட்டுறாதீங்க" என்றார். அம்மா அதை மறக்கவில்லை.

அப்பா ஒரு கார்த்திகை மாதத்தில், தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். சவப்பெட்டி விற்கும் மல்சாலைக்காரர்கள் உடம்புக்கு மருந்தேற்றிப் பெட்டியில் கொண்டுவந்து வைத்தார்கள். சில நாட்களுக்கு ஒன்றும் ஆகாது என்றார்கள். அக்கா அப்போது சவூதியில் ஒரு வீட்டில் வேலையில் இருந்தாள். போனில் அவள் அழவில்லை. "லீவு குடுத்துட்டாங்க. நாளன்னிக்கு காலையில வந்துருவேன். அப்பா மொகத்த ஒரு தடவ பாத்துக்கிறேன்மா. அதுக்கு முன்னாடி எடுத்துறாதீங்க."

"எடுக்க மாட்டோம்" என்றாள் அம்மா.

அந்தத் தாழமுக்கம் வங்காள விரிகுடாவில் முளைத்ததும் அதே நாட்களில்தான். போனில் படம் பார்த்தேன். முதலில் சிதறிய மேகம், பிறகு ஒரு வெள்ளை வட்டம், பிறகு சுழல். மறுநாள் இரவு அது கிழக்குக் கரையை நெருங்கலாம், எங்கள் பக்கம் கனமழை பெய்யலாம் என்று செய்தியில் சொன்னார்கள். நாங்கள் பெய்தே தீரும் என்று எடுத்துக்கொண்டோம். மண்சரிவைப் பார்த்த ஊர், வேறு எப்படி எடுத்துக்கொள்ளும்?

எங்கள் தோட்டத்தில் சாவு விழுந்தால் வீட்டுக்கு ஓர் ஆள் குழி வெட்டப் போவார்கள். எடுக்கிற அன்று காலையில்தான் வெட்டுவது வழக்கம். "மழ புடிச்சா மண்ணு சரியும். இப்பவே வெட்டித் தகரத்தப் போட்டு மூடி வச்சிருவோம்" என்றார் தோட்டத் தலைவர். அவர் எங்களுக்கு மாமா முறை. நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

வெட்டிவிட்டு வந்து கைகால் கழுவும்போதுதான் அவர்களில் ஒருவர் சொன்னார்: "வெட்டுன குழி ராத்திரி சும்மா கெடக்கக் கூடாதே."

சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னபிறகு யாராலும் அதைத் தாண்ட முடியவில்லை. வெறும் குழி இன்னொரு உயிரைக் கேட்கும் என்பது எங்களிடம் உள்ள பயம். லயத்தில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி இருந்தாள், படுக்கையில் கிடக்கிறவர்கள் இருந்தார்கள். "மூடிட்டு நாளைக்கு வேற வெட்டலாமே மாமா" என்றேன். "ஆளில்லாம குழிய மூடுறது அதவிட மோசம்மா" என்றார். அவர் குரலிலும் வருத்தம் இருந்தது. மலைக்கு மேலே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

அம்மா அப்பாவின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். "அவரு தண்ணியில கெடக்க வேணாம். எடுங்க" என்றாள். பிறகு என் கையைப் பிடித்து, "பெரியவகிட்ட சொல்லாத. வழியெல்லாம் தனியா அழுதுகிட்டு வருவா" என்றாள்.

அன்று சாயங்காலமே எடுத்தார்கள். பெண்கள் நாங்கள் லயத்துக் கோடியோடு நின்றுவிட்டோம்.

அந்த நேரத்தில் கடலில் என்ன நடந்தது என்பது இப்போது எனக்குப் பாடமாகத் தெரியும். உயரத்தில் வேறு திசைக் காற்று பலமாக வீசி, மேகத்தைச் சுழலின் தலையிலிருந்து ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டது. சரியாக வேகாத தோசையைத் திருப்பினால் பாதி கரண்டியோடும் பாதி கல்லோடும் போகுமே, அப்படி. மிச்சமிருந்த சுழல் கொஞ்ச நேரம் வெறுமனே சுற்றிவிட்டு அடங்கியது. கரையைத் தொடக்கூட இல்லை. எங்கள் தகரக் கூரையில் அன்றிரவு ஒரு துளி விழவில்லை. கையாலாகாத புயல். புறப்பட்டதுதான் புறப்பட்டது, வந்து கொட்டித் தொலைத்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். ஊர் மிதந்தாலும் பரவாயில்லை, நாங்கள் செய்தது சரி என்றாகியிருக்கும். அப்படி நினைப்பது பாவம்தான். இன்றும் சில நேரம் நினைக்கிறேன்.

மறுநாள் காலையில் அக்கா வேனிலிருந்து இறங்கியபோது வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. லயத்து முன்னால் துணிகள் காய்ந்தன. வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். பெட்டி இருந்த இடத்தில் விளக்கு எரிந்தது.

"அப்பா எங்க?"

மாமாதான் பதில் சொன்னார். மழை வரும் என்றார்கள், குழி வெட்டிவிட்டோம், வெறுமனே விட முடியவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அக்கா அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள். கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு புதைகாட்டுக்கு இறங்கினாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

குழிமேட்டு மண் அதற்குள் காய்ந்து கட்டி கட்டியாக இருந்தது. ஒரு கட்டியை எடுத்து விரலால் நசுக்கினாள். தூளாக உதிர்ந்தது. ஓடையில் குடத்தை நிரப்பி வந்து தலைமாட்டிலிருந்து ஊற்றினாள். திரும்பப் போய் நிரப்பினாள். மூன்றாவது தடவை நான் குடத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"போதும்க்கா."

"மொகத்ததான் பாக்க விடல" என்றாள். "குளிப்பாட்டவாச்சும் விடுங்க."

கையை எடுத்தேன். மேலே லயத்துக் கோடியில் அம்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் தடுக்கவில்லை.