எந்தப் பலகை பழையது

தெருவில் என் வீட்டுக்காரருக்கு மில்லிமீட்டர் என்று பெயர். மேசை, கட்டில், அலமாரி என்று கேட்டவர்களுக்குக் கேட்ட அளவில் செய்து கொடுக்கிற தச்சர். ஒரே ஜன்னலை மூன்று தடவை அளப்பார். காப்பிக்குச் சர்க்கரை போட்டாலும் கரண்டியைத் தட்டி மட்டமாக்கித்தான் போடுவார். இப்படி ஒருத்தரோடு இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவளுக்குப் பொறுமை எங்கிருந்து மிஞ்சும்?

கடையில் மரம் வாங்கமாட்டார். அக்கம்பக்கத்தில் காற்றுக்கு ஒரு மரம் சாய்ந்தது என்று காதில் விழுந்தால் போதும், சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து ஓடிவிடுவார். போன வருஷம் தையல்காரருக்கு வேப்பமரத்தில் அலமாரி செய்தார். அதில் நூல்கண்டு மாட்ட மட்டும் நூற்றிருபது குச்சிகள். அடுத்து எதிர்வீட்டு மாடிக்குப் பலாமரத்தில் படிக்கட்டு. பாலிஷ் போடுவது என் வேலை. பட்டறையை விட்டுப் போகிற எதையும் கடைசியாகத் தொடுவது நான்தான் என்கிற கொழுப்பு எனக்கு உண்டு.

அறுத்த பலகை நன்றாகக் காய வருஷக்கணக்கில் ஆகும். ஈரம் இருக்கும்போது மேசை செய்தால் பின்னால் கோணும், வெடிக்கும். அதனால் ஒவ்வொரு பலகையின் முனையிலும் மரம் வெட்டிய தேதியை எழுதி வைப்பார். நான் ஒருநாள் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று இறங்கி, இரண்டு மாம்பலகைகளின் முனைகளில் புதுப் பெயின்ட் அடித்துவிட்டேன். தேதி இரண்டும் அதற்கடியில் போயிற்று. ஒன்று இரண்டு வருஷம் காய்ந்தது, மற்றது ஐந்தே மாதம்.

அப்போது பார்த்துப் பல் டாக்டரம்மா எட்டுப் பேர் உட்காருகிற சாப்பாட்டு மேசை கேட்டிருந்தார். அன்று காலையில் எங்களுக்குள் வாய்ச்சண்டை. "உனக்கு எதையும் ஒழுங்கா வைக்கத் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனவர், பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தார்.

"தேதியைக் காணோமே, இதுல எது பழசு?"

தெரியாது என்றால் அவர் சொன்னது உண்மையாகிவிடுமே. "இடது பக்கம் இருக்கிறது" என்று அடித்துச் சொன்னேன்.

மேசை போன மறுநாள், மிச்சமிருந்த பலகையை ஒதுக்கி வைக்கத் தூக்கினேன். ஒற்றை ஆளாய்த் தூக்க முடிந்தது. ஈரப்பலகை என்றால் என்னால் அசைக்கக்கூட முடியாது. அப்படியென்றால் மேசையாகிப் போனதுதான் ஈரப்பலகை. அதைப் பலகை அடுக்குக்குப் பின்னால் தள்ளி, மேலே சாக்கைப் போட்டு மூடினேன்.

அதற்கப்புறம் மூன்று மாதம் என் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. கீரை வாங்கப் போனால்கூட டாக்டரம்மா வீட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு போவேன். வெயில் ஏற ஏற எனக்கு வேர்க்கும். சொல்லிவிடலாம் என்று பட்டறை வாசல்வரை போவேன், ஏதோ துணியை எடுக்க வந்தவள் மாதிரி திரும்பிவிடுவேன். அவரும் சரியில்லை. சாப்பாடு பாதியில் நிற்கும். பலகையைத் தடவித் தடவிப் பார்ப்பார், பிறகு அப்படியே வைத்துவிடுவார். கட்டில் வேண்டும் என்று வந்த புது ஜோடியை, "வேற ஆளைப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார். திமிர் ஏறிவிட்டது என்று நானும் நாலு வார்த்தை திட்டினேன்.

போன செவ்வாய்க்கிழமை டாக்டரம்மா போன் செய்தார். "டேபிள் நடுவுல முடி மாதிரி ஒரு கோடு தெரியுதுங்க. அவசரமில்ல, நேரம் கிடைக்கிறப்ப வந்து பாருங்க."

இதற்கு மேல் தாங்காது. நேரே பட்டறைக்குப் போய், மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். பெயின்ட், சண்டை, சாக்கு, கோடு, ஒன்றையும் விடவில்லை. வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராய்த்தான் நின்றேன்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "இழைக்கும்போதே ஈரம் இருக்கிற மாதிரி கையில தட்டுச்சு. நீ பழசுன்னு சொல்லிட்டே. சரி, என் கைதான் போயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டேன்."

விரல்களை ஒருமுறை விரித்து மடக்கிவிட்டு மேலே சொன்னார்.

"நரம்பு டாக்டரைக்கூடப் பார்த்தேன். ஒண்ணுமில்லன்னு சொன்னார். நான் நம்பல. பட்டறையை யார்கிட்டயாவது விட்டுடலாம்னு ரெண்டு பேர்கிட்ட பேசியும் வச்சிருக்கேன்."

ஒரு மேசை வெடித்துவிடுமே என்றுதான் மூன்று மாதமாய்த் தவித்துக்கொண்டிருந்தேன். இந்த மனுஷன் எப்படித் தவிக்கிறார் என்று நான் பார்க்கவேயில்லை. வெட்கமாக இருந்தது. அழுதுவிட்டேன்.

"அப்போ என் கை நல்லாத்தான் இருக்கா?" என்று கேட்டார்.

"நல்லாத்தாங்க இருக்கு. சத்தியமா."

அவர் எழுந்து அடுக்குக்குப் பின்னால் போனார், சாக்கை விலக்கினார், பலகையைத் தானே தூக்கிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.