முகத்தை விட்டு எடுத்த படங்கள்

என் மனைவி தன் முகத்தைப் படமெடுக்க விடமாட்டாள். சின்ன வயதில் ஷெல் துண்டொன்று அவளுடைய இடது கன்னத்தைக் கிழித்திருந்தது. இடம்பெயர்ந்து ஓடிய வழியில் யாரோ அவசரமாகப் போட்ட தையல், கண்ணுக்குக் கீழிருந்து வாயோரம் வரை தடித்த கோடாக நின்றுவிட்டது. கலியாண வீடுகளில் கமராக்காரரைக் கண்டாலே சமையல் பக்கம் போய்விடுவாள். எங்கள் கலியாணமும் பதிவுக் கையெழுத்தோடு முடிந்தது. கலியாணப் பட அல்பம் கிடையாது.

"முகத்தை விட்டிட்டு என்னத்தையெண்டாலும் எடுங்கோ" என்பாள். என் படமெடுக்கும் பைத்தியம் அந்தக் கட்டளையில்தான் வளர்ந்தது. குதிக்கால் வெடிப்பு, அரிசி களையும் விரல், முதுகில் ஒட்டிய ஈரத் தலைமயிர் என்று கிட்டப் போய், இன்னும் கிட்டப் போய் எடுத்தேன். ஓரளவுக்கு மேல் நெருங்கினால் பொருளின் பெயர் கழன்றுவிடும். வெடிப்பு வற்றிய குளமாகும். பருத்தித்துறையில் கரைக்கு இழுத்துவிட்ட வள்ளங்களின் உரிந்த பெயின்றையும் அப்படியே எடுத்தேன். என்னோடு படிப்பித்தவர்கள், "உது என்ன மாஸ்டர், கமரா கைதவறி விழேக்கை எடுத்ததோ?" என்று நக்கலடித்தார்கள். எனக்குப் பொல்லாத கோபம் வரும். அவள் மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்து, "இது வள்ளம். இது நான். இதும் நான்தான், முழங்கை" என்று சொல்லிக்கொண்டு போவாள்.

போன வருடம் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் உயிரோடு திரும்பவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தைக் கல்வெட்டு என்போம். முதல் பக்கத்தில் செத்தவரின் முகம் இருந்தாகவேண்டும். கனடாவிலிருந்து மகள் அழுதுகொண்டு கேட்டாள்: "இவ்வளவு படம் எடுத்தியள் அப்பா. அம்மாவின்ரை முகம் ஒண்டும் இல்லையோ?"

இல்லை. அடையாள அட்டையில் இருந்த சின்னப் படம் மட்டும்தான்.

நெல்லியடியில் ஒரு ஸ்ரூடியோவுக்கு அதைக் கொண்டுபோனேன். அங்கு வேலை செய்த பெண்பிள்ளை அதைக் கணினியில் பெருப்பித்தாள். கன்னம் திரை முழுவதும் சாம்பல் புள்ளிகளாகச் சிதறியது. நல்ல படம் என்று ஒரு கணம் மனம் சொல்லிற்று. என்மேல் எனக்கே அருவருப்பு வந்தது.

மறுநாள் போனபோது, நீல வானத்துக்கு முன்னால், பட்டுச்சேலையும் வழுவழுப்பான கன்னமுமாக ஒரு பெண் திரையில் இருந்தாள்.

"தழும்பை எடுத்துவிட்டன் அங்கிள். அன்ரி வடிவாய் இருக்கிறா, என்ன?" என்றாள் அந்தப் பிள்ளை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேணுமெண்டால் திரும்பப் போடலாம்" என்றாள்.

போடச் சொல்லத்தான் வாய் வந்தது. வாழ்நாளெல்லாம் அவள் மறைத்ததைச் செத்தபிறகு ஊர் கையில் கொடுப்பதா? கொடுக்காவிட்டால், இது யார்? "இருக்கட்டும் பிள்ளை" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தியேட்டியன்று சண்டிலிப்பாயிலிருந்து வந்த அவளுடைய தங்கை, சுவரில் மாட்டிய அந்தப் படத்துக்கு முன்னால் நின்று குழறியழுதாள்: "அச்சொட்டாய் அக்காதான்!" ஒரே பாயில் படுத்து வளர்ந்தவள் அவள். கோடு இல்லாதது அவள் கண்ணிலேயே படவில்லை. வந்தவர்களில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது கண்ணை மூடினால் அந்த வழுவழுப்பான பெண்தான் வருகிறாள், எங்கள் வீட்டில் ஒருநாளும் இருந்திராதவள். கோடு நேராக இறங்கியதா, வளைந்ததா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. அடையாள அட்டையில் அது மங்கிய நிழல்தான். இதைவிட வேறு சாவு வேண்டுமா?

போன கிழமை பழைய படங்களைத் திறந்து பார்த்தேன். ஒன்றில், மண்ணிறப் பரப்பின் குறுக்கே தடித்த கோடொன்று ஓடியது. என்னையறியாமல் எப்போதோ கிட்டப் போய் எடுத்த அவள் கன்னமாக இருக்கலாம். வள்ளத்தில் பலகைகள் பொருந்தும் இடமாகவும் இருக்கலாம். மகளுக்கு அனுப்பி, "இது கொம்மாவோ எண்டு பார்" என்று கேட்டேன்.

"தெரியேல்லை அப்பா" என்றாள். "சுவரிலை இருக்கிற படத்தை வடிவாய் எடுத்து அனுப்புங்கோ. அம்மாவின்ரை முகம் எனக்கு மறந்துபோகும் போலை கிடக்கு."

சுவருக்கு முன்னால் தள்ளி நின்று, முழு முகமும் வரும்படி எடுத்து அனுப்பினேன்.