ராங்கியின் நின்ற ஓட்டம்

குதிரை வளர்ப்பவர்கள் வட்டாரத்தில் அவருக்குக் கடிவாளம் என்று பெயர். முப்பது வருடமாகக் குதிரைகளோடு புழங்குவதால் வந்த பட்டம் என்று அவர் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மனைவியை ஒருமுறையாவது நேரில் பார்த்தவர்கள் வேறு மாதிரி நினைத்தார்கள். அதை அவரிடம் சொல்லத்தான் யாருக்கும் மனசு வரவில்லை.

அவர் வளர்த்தது பந்தயக் குதிரைகள் அல்ல, டிரெஸ்ஸாஜ் குதிரைகள். இதில் குதிரை ஓடி ஜெயிப்பதில்லை, ஒழுங்காக நடந்து ஜெயிக்கிறது. மேலே இருப்பவர் ஒன்றுமே செய்யாதவர் போல உட்கார்ந்திருக்க, மணல் களத்தில் குதிரை பக்கவாட்டில் நடக்கும், சுழலும், சொன்ன இடத்தில் சொன்னபடி நிற்கும். இதன் உச்சம் நின்ற ஓட்டம். ஓர் அடிகூட முன்னே போகாமல், இருந்த இடத்திலேயே தாளம் தப்பாமல் காலைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். பார்க்கிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். கடிவாளத்தின் மனைவிக்கு மட்டும், கழிவறைக் கதவுக்கு வெளியே அவசரத்தோடு காத்திருக்கும் ஆள்தான் ஞாபகத்துக்கு வருவார்.

களத்தில் குரல் கொடுக்கக் கூடாது. நாக்கைச் சொடுக்கினாலே மதிப்பெண் போய்விடும். இந்த விதியைப் பிடித்துக்கொண்டு கடிவாளம் ஒரு தத்துவமே சமைத்து வைத்திருந்தார். பெயர், மௌனப் பயிற்சி. குதிரையிடம் வாயே திறக்காமல் உடம்பால் பேச வேண்டும் என்று வெளிநாட்டுச் சங்கமொன்றின் பத்திரிகையில் நான்கு கட்டுரைகள் எழுதியிருந்தார். அவர் வாயே திறக்க மாட்டார் என்பது உண்மைதான். வீட்டில் அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை.

அந்தச் சங்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற பெண் பல் டாக்டர் ஒருவர், கட்டுரைகளில் மயங்கி, ஆறு வருடத்துக்கு முன் அவரிடமிருந்து ராங்கி என்ற பெட்டைக் குதிரையை வாங்கிப் போனார். பெயருக்கு ஏற்ற குதிரை. மற்ற எல்லாவற்றையும் அழகாகச் செய்தது. நின்ற ஓட்டம் என்று வந்தால் மட்டும் கம்பம் மாதிரி நின்றது. மூன்று போட்டிகளில் மானம் போனது. கடைசியில் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. இந்த வம்சத்துக்கே பிடிவாதம் அதிகமோ என்று சந்தேகப்படுகிறோம், சனிக்கிழமை நாலு மணிக் கூட்டத்தில் வம்சாவளிப் புத்தகத்திலிருந்து நீக்குவதா வேண்டாமா என்று முடிவெடுப்போம், நேரில் வந்து குதிரையை நடத்திக் காட்டுங்கள், அப்படியே மௌனப் பயிற்சி பற்றி ஒரு சொற்பொழிவும் ஆற்றுங்கள்.

புத்தகத்திலிருந்து பெயர் போனால் லாயத்தில் இருக்கும் பதினொரு குட்டிகளும் சுற்றுலா வண்டி இழுக்கத்தான் போக வேண்டும். முப்பது வருட உழைப்பு அதோடு சரி. கடிவாளம் தனியாகப் போய் வரலாம் என்று நினைத்தார். டிக்கெட் போட்ட மகள் இரண்டாகப் போட்டுவிட்டாள்.

"அப்பாவைத் தனியா அனுப்பினா, சூட்கேஸ் ஒரு ஊருக்குப் போகும், அவரு ஒரு ஊருக்குப் போவாரு" என்றாள்.

வெள்ளிக்கிழமை மாலை போய்ச் சேர்ந்தார்கள். டாக்டரின் வீட்டில் சோபாவின் கைப்பிடி மேல் சேணம் உட்கார்ந்திருந்தது. சாப்பாட்டு மேசையில் பேப்பர் பறக்காமலிருக்க ஒரு பல் செட் வைத்திருந்தார்கள். விருந்தினர் குளியலறையில் குதிரைக் கம்பளி காய்ந்துகொண்டிருந்தது. டாக்டரும் கடிவாளமும் இருவருமே தப்பும் தவறுமாகப் பேசும் ஒரு பொதுமொழியில், குதிரைகளைப் பற்றி மட்டும் மூன்று மணி நேரம் பேசினார்கள். மனைவி அந்தப் பல் செட்டையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டு முடித்தாள்.

சனிக்கிழமை காலை களத்தில் சங்கத்தார் பத்துப் பேர் கூடியிருந்தார்கள். செயலாளர் நோட்டுப் புத்தகமும் கையுமாக நின்றார். வேலியோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் மனைவியை உட்கார வைத்துவிட்டுக் கடிவாளம் சொன்னார்:

"இங்க சத்தமே போடக் கூடாதும்மா. பார்க்கிறவங்களும்தான்."

"நான் எதுக்குச் சத்தம் போடப் போறேன்?" என்றாள் அவள்.

ராங்கி அவரை மறக்கவில்லை. கழுத்தை அவர் தோளில் வைத்துத் தேய்த்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஏறி உட்கார்ந்தார். நடை, திருப்பம் எல்லாம் வெண்ணெய் மாதிரி வந்தன. களத்தின் நடுவுக்கு வந்து நின்ற ஓட்டத்துக்கு உடம்பால் சைகை கொடுத்தார். ராங்கி நின்றது. நின்றுகொண்டே இருந்தது. சுற்றி வந்து மறுபடி கொடுத்தார். ராங்கி வாலால் ஓர் ஈயை விரட்டியது. மூன்றாவது தடவை கொட்டாவி விட்டது. செயலாளர் நோட்டில் ஏதோ எழுதினார். கடிவாளத்துக்கு முதுகெல்லாம் வேர்த்துக் கொட்டியது. தான் பழக்கிய குதிரைதான், தனக்கே ஏன் செய்ய மாட்டேன் என்கிறது என்று அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மனைவியின் கைப்பேசி அதிர்ந்தது. ஊரிலிருந்து மகள். கிசுகிசுப்பாகத்தான் எடுத்தாள். கேட்கக் கேட்க அவள் முகம் மாறியது. நாற்காலி பின்னால் சாய எழுந்தாள்.

"என்னங்க! தீவன ரூம் சாவி எங்க?"

கடிவாளத்தின் கை தன்னையறியாமல் சட்டைப் பையைத் தொட்டது. சாவி அங்கேதான் இருந்தது.

"கிளம்புறப்ப எத்தனை தடவை கேட்டேன்? கொடுத்தாச்சு, கொடுத்தாச்சுன்னு தலையை ஆட்டினீங்களே, யார்கிட்ட கொடுத்தீங்க? வெளிய வெச்ச தீவனம் தீர்ந்து, பொண்ணு பூட்டின கதவு முன்னாடி நிக்கிறா! குதிரைங்க பசியில லாயத்தை உதைச்சு ஒடைக்குதாம்! கட்டுரை எழுதத் தெரியுது, சாவி கொடுக்கத் தெரியலையா?"

முப்பத்தோரு வருடத் தாம்பத்தியப் பழக்கம் வேலை செய்தது. முதுகெலும்பு நிமிர்ந்தது, தோள்கள் பின்னால் போயின, மூச்சு நின்றது, கால்கள் குதிரையின் விலாவோடு ஒட்டிக்கொண்டன. ராங்கியின் காதுகள் பின்னால் திரும்பின. பின்பக்கம் தாழ்ந்தது. இருந்த இடத்திலேயே ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று காலைத் தூக்கி வைக்க ஆரம்பித்தது. அப்படியொரு நின்ற ஓட்டத்தை அந்தச் சங்கத்தார் பார்த்ததே இல்லை.

மனைவி மூச்சு வாங்க நிறுத்தினாள். ராங்கியும் நிறுத்தியது.

தொடரச் சொல்லுங்கள் என்று டாக்டர் கத்தினார். கடிவாளம் ஈனக் குரலில் மொழிபெயர்த்தார்.

"நிறுத்தாதேன்னு சொல்றாங்கம்மா."

அவளுக்கு இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. மகளைப் பூட்டை உடைக்கச் சொல்லிவிட்டு, அவர் சேற்றுப் பூட்ஸோடு சோபாவில் படுத்ததிலிருந்து, மாத்திரையை மறந்தது வரை வரிசையாக எடுத்து வைத்தாள். ராங்கி நின்ற இடத்திலேயே பதினைந்து தாளம், இருபது தாளம் என்று ஆடிக்கொண்டே இருந்தது. கடிவாளத்துக்கு அதற்குள் எல்லாம் விளங்கிவிட்டது. ராங்கியைப் பழக்கிய மூன்று வருடமும், தினமும் சாயந்தரம் அஞ்சு மணிக்கு அவள் வேலியோரம் வந்து நின்று அன்றைய கணக்கைத் தீர்ப்பாள். அவர் வாய் திறக்காமல் குதிரை மேல் விறைத்திருப்பார். தன் சைகைக்குத்தான் குதிரை ஆடுகிறது என்று நம்பிக்கொண்டிருந்தார்.

குரலுக்கு ஆடினால் போட்டியில் செல்லாது என்று செயலாளர் இழுத்தார். டாக்டர் விடவில்லை. கடிவாளத்தை இறக்கிவிட்டுத் தானே ஏறினார். மனைவி தரையில் நின்ற கணவரைத் திட்டினாள். கணவர் விறைத்தார், ராங்கி சும்மா நின்றது. அப்படியானால் குரல் அல்ல, மேலே இருப்பவரின் முதுகுதான். நாற்பது வருடமாகப் பல் பிடுங்கும் நாற்காலியில் மனிதர்கள் விறைப்பதைப் பார்த்த டாக்டருக்கு அது உடனே புரிந்தது. என்னையும் திட்டச் சொல்லுங்கள் என்றார்.

மனைவி பதறிவிட்டாள்.

"என்னங்க இது, தங்க இடம் கொடுத்தவங்களை எப்படித் திட்டுறது?"

"திட்டும்மா. நம்ம குட்டிங்க பொழைப்பே அதுலதான் இருக்கு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். யோசிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"ஏம்மா, டாக்டருக்குப் படிச்சவங்கதானே நீங்க? குளிக்கிற எடத்துல குதிரைப் போர்வையா காயப் போடுவீங்க? சாப்பிடுற மேசையில யார் பல்லும்மா அது?"

டாக்டருக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. முதுகுக்கு எல்லாம் புரிந்தது. ராங்கி ஆடியது. கால் மணி நேரம் கழித்துக் கடிவாளத்தின் மனைவியை வாய்மூடி உட்காரச் சொல்லிவிட்டு, டாக்டர் அந்தத் திட்டை மனதுக்குள் நினைத்துக்கொண்டார். களம் நிசப்தமாக இருந்தது. அப்போதும் ராங்கி ஆடியது. செயலாளர் நோட்டில் எழுதியிருந்ததை அடித்தார்.

நாலு மணிக்குக் கூட்டம். வம்சம் தப்பிவிட்டது என்று அறிவித்தாகிவிட்டது. அடுத்து மௌனப் பயிற்சி பற்றிய சொற்பொழிவு. கடிவாளம் பதினான்கு பக்கத்தோடு எழுந்தார். சமாளிக்க வழி இருந்தது. முதுகெலும்பு முறை என்று பெயரை மாற்றிவிட்டால் போதும், கைதட்டிவிட்டுப் போவார்கள். மனைவி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். காட்டிக்கொடுக்கிறவள் முகம் அல்ல அது. சொற்பொழிவின்போது இவருக்குத் தொண்டை கட்டிவிடக் கூடாதே என்று வெந்நீர் பிளாஸ்கை மடியில் வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பதினான்கு பக்கத்தையும் மடித்துப் பையில் வைத்தார். செயலாளர் முன்னால் திறந்திருந்த வம்சாவளிப் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பினார். ராங்கியின் பக்கத்தில், பழக்கியவர் என்ற இடத்தில் இருந்த தன் பெயரை அடித்துவிட்டு அவள் பெயரை எழுதினார். பிறகு அந்தப் பொதுமொழியில், தப்பும் தவறுமாக, எல்லோருக்கும் சொன்னார்: பழக்கியது என் மனைவி, நான் மேலே உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். அதையே அவளுக்காகத் திரும்பவும் சொன்னார்.

"ராங்கியைப் பழக்கினது நீதான். உன் பேரை எழுதிட்டேன்."

அவள் பிளாஸ்கின் மூடியைத் திறந்தாள், மூடினாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"இதைச் சொல்றதுக்கு உங்களுக்கு இத்தனை வருஷமாச்சா?"

கடிவாளத்தின் முதுகு தானாக நிமிர்ந்தது. முதல் வரிசையில் இருந்த டாக்டர் அவசர அவசரமாக அந்த முதுகை வரைந்துகொண்டார்.