என் மாமியார் தைத்த மூன்று வயிறுகள்

என் மாமியார் எனக்கு மூன்று வயிறு தைத்துக்கொடுத்தார். பழைய தலையணை உறைகளை வெட்டி, இலவம்பஞ்சு அடைத்து, இடுப்பில் முடிச்சுப் போட நாடா வைத்து, ஐந்தாம் மாதத்துக்கு ஒன்று, ஏழாம் மாதத்துக்கு ஒன்று, ஒன்பதாம் மாதத்துக்கு ஒன்று. தையல் அவ்வளவு நேர்த்தி. தி.நகர் வீட்டு பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் அடுக்கிவைத்துவிட்டு, "யாருக்கும் தெரியாது, நீ கவலைப்படாதே" என்றார். கவலைப்பட்டது நானல்ல, அவர்தான்.

அது தொண்ணூறுகளின் பிற்பகுதி. முதல் பிரசவத்தில் குழந்தை போய்விட்டது. என் உயிரைக் காப்பாற்றக் கர்ப்பப்பையையும் எடுத்துவிட்டார்கள். சினைப்பை மட்டும் மிச்சம். அடையாற்றில் ஒரு டாக்டரம்மா, "உங்க முட்டையும் உங்க வீட்டுக்காரரோட அணுவும் சேர்ந்தா கரு உங்களோடதுதான். சுமக்க ஒரு பெண் வேணும், அவ்வளவுதான்" என்றார். அவ்வளவுதான் என்று சொல்ல அவருக்கு எப்படி வாய் வந்ததோ! வீட்டுக்கு வந்து அழுதேன். மயிலாப்பூரிலிருந்து என்னைப் பார்க்க வந்திருந்த அக்கா, "இதுக்கு எதுக்குடி அழற? நான் சுமக்கறேன்" என்றாள், கொடியில் காயும் துணியை எடுத்துவருகிறேன் என்பதுபோல.

அக்காவுக்கு அப்போதே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு பேர். டாக்டரம்மா முதலில் கேட்டதும் அதைத்தான், பெற்ற அனுபவம் உண்டா என்று. பிறகு எங்களை வெளியே அனுப்பிவிட்டு, யாராவது வற்புறுத்துகிறார்களா என்று அவளைத் தனியே விசாரித்தார். அக்கா வீட்டுக்காரரையும் தனியே விசாரித்தார். திரும்ப உள்ளே போனபோது அக்கா என்னையும் என் கணவரையும் எதிரே உட்காரவைத்தாள். "நடுவுல ஏதாவது ஆபத்துன்னா முதல்ல நானா, குழந்தையா? ரெண்டு பேரும் வாயத் திறந்து சொல்லுங்க." என் கணவர் உடனே, "நீங்கதான்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் விடவில்லை. நானும் சொன்ன பிறகுதான் கையெழுத்துப் போட்டாள். அன்று அவள்மேல் கோபம்கூட வந்தது. இப்போது நினைத்தால், அந்தக் கேள்வியைக் கேட்க முடியாத இடத்தில் இருக்கிற எந்தப் பெண்ணும் இன்னொருத்திக்காகப் பிள்ளை சுமக்கக் கூடாது என்றே சொல்வேன்.

எனக்கு ஊசிகள், அவளுக்கு மாத்திரைகள். என் உடம்பு முட்டையைத் தர வேண்டும், அவள் உடம்பு கருவை ஏற்கத் தயாராக வேண்டும். முதல் முறை தங்கவில்லை. என்னைவிட அவள்தான் அதிகம் அழுதாள். இரண்டாம் முறை தங்கியது. உடனே மாமியார் திட்டம் போட்டார். அக்கா அசோக் நகரில் தெரிந்தவர் வீட்டு மாடியில் ஒளிந்திருக்க வேண்டும், நான் பஞ்சு வயிற்றோடு நடமாட வேண்டும். "நான் என்ன திருடியா வெச்சிருக்கேன், ஒளிஞ்சுக்க?" என்று கேட்டுவிட்டு அக்கா வழக்கம்போல் மாட வீதிக்குக் கறிகாய் வாங்கப் போனாள். "மூணாவதா?" என்று விசாரித்தவர்களிடமெல்லாம், "இது என் தங்கச்சியோடது, என்கிட்ட வளருது" என்றாள். அவர்கள் முகம் போன போக்கை எனக்கு நடித்துக் காட்டுவாள். நானும் அந்தப் பஞ்சு மூட்டைகளை ஒரு நாளும் கட்டவில்லை.

ஏழாம் மாதம் மாமியார் என்னைக் கேட்காமலே எனக்கு வளைகாப்பு என்று உறவுக்கெல்லாம் சொல்லிவிட்டார். அன்று காலை அறைக்குள் கூப்பிட்டு, "ஒரு மணி நேரம் மட்டும் கட்டிக்கோம்மா, என் மானம் போயிடும்" என்று கெஞ்சினார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் மாட்டேன் என்றேன். தட்டை வயிற்றோடு கூடத்துக்கு வந்து மணையில் உட்கார்ந்தேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்காவை அவர் அழைத்திருக்கவில்லை, நான் அழைத்திருந்தேன். அவள் பச்சைப் புடவையில், முன்தள்ளிய வயிற்றோடு, வாசலில் செருப்பைக் கழற்றினாள். மாட வீதிப் பேச்சு எப்படியோ காதுக்கு எட்டியிருந்த என் கணவரின் சித்தி எல்லோருக்கும் கேட்கும்படி, "தங்கச்சி புருஷன் பிள்ளையைச் சுமந்துக்கிட்டு சபைக்கு வர எப்படித்தான் மனசு வருதோ" என்றார்.

நான் எழுந்து போய் அக்காவின் கையைப் பிடித்துவந்து என் மணையில் உட்காரவைத்தேன். அவள் சித்தியைப் பார்த்துச் சொன்னாள். "கரு அவங்க ரெண்டு பேரோடது. டாக்டர் அதை என் வயித்துல வெச்சாங்க. நான் சாப்பிடறதுல வளருது. இதுல அசிங்கம் ஒண்ணும் இல்ல, அசிங்கம் உங்க பேச்சுலதான் இருக்கு." பிறகு மாமியாரிடம் இரண்டு கையையும் நீட்டினாள். "குழந்தைக்கு வளையல் சத்தம் கேக்கணும்னுதானே இதைச் செய்யறோம்? குழந்தை இங்க இருக்கு. அவ கையில மட்டும் போட்டா அதுக்கு எப்படிக் கேக்கும்?"

வழக்கத்தை மீறச் சொல்லியிருந்தால் மாமியார் ஒரேயடியாக மறுத்திருப்பார். இவளோ வழக்கத்தை ஒழுங்காகச் செய்யச் சொல்கிறாள். அவர் அக்காவின் கையைப் பிடித்து, சந்தனம் பூசி வளையல் அடுக்கினார். "இவளுக்கும் போடுங்க. அம்மா கை எதுன்னு அதுக்குத் தெரிய வேணாமா?" என்றாள் அக்கா. எனக்கும் போட்டார். அக்கா என் கையை இழுத்துத் தன் வயிற்றருகே வைத்துக் குலுக்கினாள். உள்ளேயிருந்து ஓர் உதை. நான் சபையென்றும் பாராமல் வாய்விட்டு அழுதேன்.

பெண் பிறந்தாள். விவரம் தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு எல்லாம் தெரியும். இன்று அவளுக்கு வரன் பார்க்கிறோம். போன மாதம் வந்த பையனின் அம்மாவிடம் நான் ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எங்களுக்கு ஆட்சேபம் இல்ல. கல்யாணத்துல மட்டும் உங்க அக்கா கொஞ்சம் பின்னாடி இருந்தா நல்லது. நாலு பேர் கேப்பாங்க" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். "கேக்கட்டும் ஆன்ட்டி. பதில் சொல்லத்தான் பெரியம்மா முன்னாடி இருக்கப்போறாங்க."

அந்த அம்மாள் எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அதற்குள் அக்கா சமையலறையிலிருந்து காபியோடு வந்து, டம்ளரை அவர் கையில் கொடுத்து, எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்ன கேக்கணுமோ, என்னையே கேளுங்க."