சம்பந்தி முன்னால் சொல்லாத மாத்திரை

எனக்குப் பார்வையுள்ள கண் ஒன்றுதான். வலது கண் பள்ளிக்கூடத்து நாளிலேயே கிட்டிப்புள் பட்டுப் போய்விட்டது. மிச்சமிருந்த இடது கண்ணை வைத்துக்கொண்டுதான் எட்டாவது வரைக்கும் படித்தேன். திண்டிவனத்தில் பாத்திரக் கடையில் வேலை பார்த்தேன், கல்யாணம் செய்துகொண்டேன், ஒரு மகனையும் ஒரு மகளையும் ஆளாக்கினேன். ஒரு கண்ணைக் கொண்டே இவ்வளவும் நடத்தி வைத்தானே என்று தினமும் காலையில் விளக்கேற்றி முருகனைக் கும்பிடுகிறவன் நான். அந்தக் கண்ணிலும் புரை விழுந்தது. விளக்குச் சுடர் பஞ்சுப் பொதி மாதிரி தெரிந்தது. படத்தில் முருகன் எங்கே, மயில் எங்கே என்று பழக்கத்தால்தான் தெரிந்ததே தவிர கண்ணால் தெரியவில்லை.

கண் முகாமில் பார்த்துவிட்டு, ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்றார்கள். விழுப்புரம் பக்கம் அவர்கள் ஆஸ்பத்திரிக்கே வண்டியில் அழைத்துப்போய், ஒரு ராத்திரி வைத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விடுவார்களாம். இதுவரைக்கும் எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. விஷயம் கோலியனூருக்கு எட்டியதில்தான் கெட்டது.

கோலியனூரில் என் மகளைக் கொடுத்திருக்கிறேன். சம்பந்தி கரும்பு வைக்கிற விவசாயி. அவருக்கும் கண்ணில் புரையாம். ஒரே நாளில் இரண்டு பேரும் செய்துகொள்ளலாம், ஒருத்தருக்கு ஒருத்தர் துணையாக இருக்கும் என்று போனில் சொன்னார். பெண்ணைக் கொடுத்தவன் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

சம்பந்தி ஆஸ்பத்திரி வாசற்படியை மிதிக்காதவர் என்று பேர் வாங்கியவர். அந்தப் பேரை மற்றவர்கள் கொடுப்பதற்கு முன்னால் அவரே கொடுத்துக்கொள்வார். கேப்பைக் களியும் மல்லாட்டைக் கடலையும் தின்று வளர்ந்த உடம்பு, மாத்திரை என்றால் உருண்டையா தட்டையா என்றுகூடத் தெரியாது என்பார். நிச்சயதார்த்தத்தன்று அவர் இதைச் சபையில் சொல்ல, நானும் சும்மா இருக்காமல், எங்கள் வீட்டிலும் மாத்திரை வாடையே கிடையாது என்று சொல்லி வைத்தேன். அதற்குப் பிறகு எங்கள் பேச்செல்லாம் மழை பெய்ததா, ஆலைக்காரன் கரும்பு வெட்ட ஆள் அனுப்பினானா என்பதோடு நின்றுவிடும்.

அப்படிச் சொன்ன எனக்கு அடுத்த வருஷமே சிறுநீர்த் தொந்தரவு வந்தது. போனால் வராது, வந்து படுத்தால் திரும்பப் போகவேண்டும். டாக்டர் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போட ஒரு கேப்ஸ்யூல் எழுதிக் கொடுத்தார். நல்லபடியாகக் கேட்டது. அதை நான் பூஜை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு விழுங்குவேன். மாமனாருக்கு வயதாக ஆகப் பக்தி கூடுகிறது என்று மருமகள் நினைத்துக்கொண்டாள். விழுங்கும்போது முருகா என்று சொல்லித்தான் விழுங்குகிறேன் என்பதால் அதை முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது.

கிளம்புகிற அன்றைக்கு மனைவி வாசல் வரைக்கும் வந்து, அந்த மாத்திரையையும் டாக்டரிடம் சொல்லிவிடச் சொன்னாள். கண் டாக்டரிடம் போய் ஒன்றுக்குப் போகிற கதையைச் சொல்வார்களா என்று கேட்டேன்.

"ஒரு கண்ணை வெச்சிக்கினு ஏன் இப்டி ரோஷம் பாக்கறீங்க. வாயத் தொறந்து சொன்னா இன்னா கொறைஞ்சுடப் போறீங்க?" என்றாள்.

குறைந்துதான் போவேன் என்று அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, சர்க்கரை இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா, வேறு மாத்திரை எதுவும் உண்டா என்று விசாரித்தாள். சம்பந்தி முன்னால் போய், தெரியாது, கிடையாது, பழக்கமில்லை என்றார். நான் பின்னால் நின்று அதே பாட்டைப் பாடினேன். எங்களுக்கு முன்னால் போனவர் மூட்டு வலிக்குக் கடையில் தானே கேட்டு வாங்கி வருஷக்கணக்காக ஒரு மாத்திரை போடுகிறாராம். அதில் ஸ்டீராய்டு இருக்கும், புரை சீக்கிரம் விழ அதுவே காரணமாக இருக்கலாம் என்று சொல்லி அந்தப் பெண் அவரைத் தனியாக உட்காரவைத்தாள். பாவம், ஒளிக்கத் தெரியாத மனுஷன் என்று நான் நினைத்தேன்.

பச்சை கவுன் மாட்டி, ஆபரேஷன் செய்ய வேண்டிய கண்ணுக்கு மேலே புருவத்தில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி, எல்லோரையும் ஒரு நீளப் பெஞ்சில் வரிசையாக உட்காரவைத்தார்கள். கண்ணின் பாப்பா விரிவதற்காகச் சொட்டு விட்டுக்கொண்டே போனாள் நர்ஸ். கருவிழிக்கு நடுவில் இருக்கிற அந்தக் கறுப்பு வட்டம் நன்றாகத் திறந்தால்தான் உள்ளே இருக்கிற புரையை எடுக்க முடியுமாம். ஒரு சுற்று வந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். திறந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். கடைசியில் பெஞ்சில் மிச்சம் நானும் சம்பந்தியும்தான்.

"இன்னா ஐயா, ரெண்டு பேருக்கும் மட்டும் தொறக்க மாட்டுது" என்றாள் நர்ஸ்.

"கிராமத்து உடம்பும்மா. மருந்துக்குப் பழக்கமில்ல. அதான் லேட்டாவுது" என்றார் சம்பந்தி.

நானும் தலையாட்டினேன். ஆட்டிவிட்டு மனசுக்குள் முருகனைப் பிடித்துக்கொண்டேன். அப்பனே, இந்த வட்டத்தைக் கொஞ்சம் திறந்துவிடு என்று வேண்டினேன். நான் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல், அந்த வேலையையும் அவன் தலையில் கட்டினேன்.

டாக்டரம்மா வெளியே வந்தார். என் மகள் வயதுதான் இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நேராகவே கேட்டார்: ஒன்றுக்குச் சரியாகப் போவதற்கு ஏதாவது மாத்திரை போடுகிறீர்களா என்று. இல்லை என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னோம். கோயிலில் கூட அப்படிச் சேர்ந்து சொன்னதில்லை.

டாக்டரம்மா போகவில்லை. பொறுமையாகச் சொன்னார். அந்த மாத்திரை கீழே இறுகியிருக்கிற தசையைத் தளர்த்திவிடும். அதே மாதிரி கண்ணுக்குள் இருக்கிற திரையின் தசையையும் தளர்த்திவிடும். ஆபரேஷன் நடக்கும்போது அந்தத் திரை காற்றில் ஆடுகிற துணி மாதிரி ஆடும். முன்னாடியே தெரிந்தால் அதற்கு மருந்து இருக்கிறது, பிடித்து நிறுத்தச் சின்னதாக ஒரு வளையம் இருக்கிறது. தெரியாமல் ஆரம்பித்தால்தான் ஆபத்து. சொல்லிவிட்டு என் வலது கண்ணைப் பார்த்தார்.

"ஐயா, உங்களுக்கு இந்த ஒரு கண்ணுதானே இருக்குது?"

பெஞ்சில் என் கைக்குப் பக்கத்தில்தான் சம்பந்தியின் கை இருந்தது. மகளுடைய முகம், நிச்சயதார்த்தச் சபை, என் வாயால் நான் சொன்னது எல்லாம் ஒரு தடவை வந்து போயின. பிறகு, நாளைக்கு எதுவுமே தெரியாமல் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடக்கிற என்னைப் பார்த்தேன். அது ரொம்பத் தெளிவாகத் தெரிந்தது.

"போடறேம்மா. ரெண்டு வருஷமா போடறேன். நேத்து ராத்திரி போடல, அது போதுமா?"

போதாது, மாசக்கணக்கில் நிறுத்தினாலும் கண்ணில் அந்தத் தளர்ச்சி இருக்கும், நீங்களாக நிறுத்தவும் கூடாது, சொன்னதே போதும் என்றார். நான் சம்பந்தியைப் பார்க்கவில்லை. அவர் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா உள்ளே போனதும் மெதுவாக நர்ஸைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, அந்த மாத்திரை எப்டி இருக்கும்? உறை போட்டாப்ல, உள்ள கடுகு கடுகா இருக்குமா?"

"ஆமா. ஏன் கேக்கறீங்க?"

"எங்களுக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் போடறாரு. அதான்."

"அந்தத் தெரிஞ்சவரு இப்ப பச்சை கவுன் போட்டுக்கினு இருக்காரா?"

சம்பந்தி கவுன் நுனியை இழுத்து முழங்காலை மூடினார். பிறகு, "இருக்காரு" என்றார்.

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு டாக்டரம்மாவிடம் சொல்லப் போனாள். பெஞ்சில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். மழையைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன்.

"ராத்திரில எத்தினி வாட்டி எழுந்துக்கறீங்க சம்பந்தி?" என்றார்.

"முன்னல்லாம் கணக்கே கிடையாது. இப்ப பரவால்ல."

"எனக்கும் அப்டித்தான். மோட்டார் போட போறேன்னு வீட்ல சொல்லிட்டு வெளிய போவேன்."

கரண்ட் இல்லாத நாளில் என்ன சொல்வீர்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

முதலில் என்னைத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். கண்ணுக்குப் பக்கத்தில் ஊசி போட்டுத் துணியால் மூடினார்கள். வலி தெரியவில்லை, பேச்சுக் குரல் மட்டும் கேட்டது. நடுவில் டாக்டரம்மா, "ஆடுது பாருங்க, வளையத்தைக் குடுங்க" என்று பக்கத்தில் இருந்தவரிடம் நிதானமாகச் சொன்னார். ஆடுகிறது என்ற சொல் காதில் விழுந்தது. இருந்த ஒரே கண்ணுக்குள் அந்தத் திரை ஆடிக்கொண்டிருந்தது. முருகா என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. அந்த அம்மாவின் குரலில் பதற்றம் இல்லை என்பதையே பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

காலையில் கட்டைப் பிரித்தார்கள். முதலில் வெளிச்சம் கூசியது. பிறகு ஜன்னல் கம்பி தெரிந்தது, கம்பிக்கு அந்தப் பக்கம் வேப்பமரம், மரத்தில் இலைகள் தனித்தனியாக. கன்னத்தில் நீர் ஓடியது. கண்ணைத் துடைக்கக் கூடாது என்றார்கள், துடைக்கவில்லை. அடுத்த கட்டிலில் சம்பந்தி கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் நல்லபடியாக முடிந்திருந்தது.

அந்த நேரத்தில் சம்பந்தியம்மா இட்லி டப்பாவும் காபி பிளாஸ்க்கும் எடுத்துக்கொண்டு வார்டுக்குள் வந்தார். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வார்டு முழுக்கக் கேட்கும் குரலில் கேட்டார்:

"அண்ணா, ரெண்டு பேரும் அந்த மாத்திரைய டாக்டர்கிட்ட சொன்னீங்களா இல்லியா? நேத்தெல்லாம் நானும் அண்ணியும் போன்ல அதான் பேசிக்கினு இருந்தோம். வாயே தொறக்க மாட்டாங்களேன்னு."

சம்பந்தி என்னைப் பார்த்தார், நான் சம்பந்தியைப் பார்த்தேன். சொன்னோம் என்று நான்தான் மெதுவாகச் சொன்னேன். எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்கும் தைரியம் இருவருக்கும் இல்லை.

சம்பந்தியம்மா பிளாஸ்க்கைத் திறந்து இரண்டு டம்ளரில் காபி ஊற்றினார். முழுசாகக் குடித்தால் எழுந்து எழுந்து போகவேண்டியிருக்கும், புதுக் கண்ணோடு எங்கேயாவது இடித்துக்கொள்ளப் போகிறீர்கள் என்று சொல்லி என் கையில் ஒரு டம்ளரைக் கொடுத்தார். குனிந்து பார்த்தேன். நுரையும் தெரிந்தது, டம்ளர் விளிம்பில் இருந்த நசுங்கலும் தெரிந்தது. அரை டம்ளருக்குக் கொஞ்சம் குறைவாகவே ஊற்றியிருக்கிறார் என்பதும் தெளிவாகத் தெரிந்தது.