வேலியால் வந்தவர்கள்

மலைநாட்டு அம்பிட்டியவில் நாங்கள் குடியிருந்த ஒழுங்கையில் வேற்றாட்கள் நடமாடுகிறார்கள் என்ற செய்தி, எனக்கு ஏழு வயதாக இருக்கையில் பரவியது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் மாலையில் எங்கள் பின்வேலியைத் தாண்டி வளவுக்குள் இறங்குவதை முதலில் கண்டவர் என் ஐயா. அதன்பின் ஒழுங்கை முழுவதும், தன்னிடமிருந்து என்ன களவு போயிற்று என்று தேடத் தொடங்கியது. அயல்வீட்டார் செப்புக்குடம் ஒன்றைக் காணவில்லை என்றார்கள். அது அவர்களுடைய கிணற்றடியிலேயே இருந்தது. ஊர்த்தலைவரான ஆராச்சி பறையறைவித்து, கண்டவர்கள் வந்து அடையாளம் காட்ட வேண்டுமென அறிவித்தார்.

அடுத்த கிழமை இருவரும் பிடிபட்டார்கள். மலைக்கு அப்பால் உள்ள தேயிலைத் தோட்டத்துக் கூலிகள். ஆராச்சி அவர்களை எங்கள் முன்வேலிக் கதவான படலை வரை கூட்டி வந்தார். அதற்குமேல் அந்த மனிதன் நகரவில்லை. வெளியே தரையில் குந்திக்கொண்டான்.

"அடிச்சாலும் வாசலுக்கு வரமாட்டோம் சாமி. வரக்கூடாதுங்க."

"பாருங்க மாத்தயா, களவு செஞ்சவனுக்குத்தான் இந்தப் பயம்" என்றார் ஆராச்சி.

"இவையள்தான். நான் கண்ணால கண்டனான்" என்றார் ஐயா.

அம்மா அவர்களுடைய முகங்களைப் பார்க்கவில்லை. பெண்ணின் சேலை மடிப்பில் ஒட்டியிருந்த வேப்பிலைகளைப் பார்த்தார். யாழ்ப்பாணத்திலிருந்து கன்றாகக் கொண்டுவந்து அவர் நட்ட மரம் அது. அந்த மழைமண்ணில் வேறெவர் வளவிலும் வேம்பு இல்லை.

அம்மாள் வருத்தம் என்னும் அம்மை நோய் கண்ட வீட்டார் பிறர் வாசலை மிதிப்பதில்லை. எதையும் கேட்டு வாங்குவதுமில்லை. வேலியால் வந்தது அவர்கள் எங்களுக்குச் செய்த மரியாதை. காரணத்தை ஆராச்சியிடம் சொன்னால், தோட்டத்து லயத்தில் நோயாய்ப் படுத்திருக்கும் அவர்களுடைய பிள்ளையை, தொற்றுநோயாளரை ஒதுக்கி வைக்கும் மடுவத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். இவையெல்லாம் நான் வளர்ந்த பிறகு அறிந்தவை.

"ஓம், இவையள்தான்" என்றார் அம்மா. "நான்தான் இலை முறிக்க வரச் சொன்னனான்."

ஐயா திரும்பிப் பார்த்தார். "நீரோ? வேலியாலயோ வரச் சொன்னனீர்?"

"படலையடியில நாய் நிக்குதெல்லே."

எங்கள் வீட்டில் ஒருபோதும் நாய் இருந்ததில்லை. ஐயா படலையடியைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, நாய் பொல்லாததுதான் என்று ஆராச்சியிடம் ஒப்புக்கொண்டார்.

"இத முன்னமே சொல்லியிருக்கலாமே நோனா. ஒழுங்கையே தூங்கல்ல" என்று முணுமுணுத்தபடி ஆராச்சி அவர்களை விட்டார். அந்தப் பெண் படலைக்கு வெளியே நின்றவாறே, வீட்டை நோக்கியல்லாமல் மரத்தை நோக்கிக் கும்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை அல்லாதபோதும் அன்று அம்மா என்னை மஞ்சள் நீரில் குளிக்கவார்த்தார். மறுநாள் முதல், பகலில் தானே ஒரு வேப்பங்கொப்பை முறித்துப் பின்வேலிக்கு வெளியே சாத்தி வைத்தார். மாலையில் அது இராது. நாய் இல்லையென்று அவர்களிடம் சொல்லிவிட்டால் படலையாலேயே வரலாமே என்று நான் கேட்டபோது, அவர் அடுத்த கொப்பை முறிக்கப் போனார்.

பின்னொரு நாள் கொப்பு எடுக்கப்படாமல் அப்படியே இருந்தது. அடுத்த நாளும் இருந்தது. பிறகு வாடிச் சுருண்டது.

"இனி அவைக்கு இலை தேவையில்லைப் போல" என்றேன் மகிழ்ச்சியாக. அம்மா அந்தக் கொப்பை எடுக்கவுமில்லை, என்னை எடுக்க விடவுமில்லை. இலை தேவைப்படாமற் போவதற்கு, சுகமாகிவிடுவது என்ற ஒரு காரணந்தான் எனக்கு அப்போது தெரிந்திருந்தது.