கல்வெட்டில் ஏறிய பெயர்கள்

நான் ஆறாவது படித்த வருஷம் என் மாமா எங்கள் ஊர் சேவைச் சங்கத்துக்குத் தலைவராக இருந்தார். பொன்னமராவதிக் கடைவீதியில் இரும்புக் கடை வைத்திருந்தவர். பதவியேற்பு விழாவுக்கு என்று அரக்கு நிறத்தில் ஒரு கோட்டு தைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எந்த வெயிலிலும் அதைக் கழற்றச் சம்மதிக்கவில்லை. "கம்பி எடை போடுறப்பவாச்சும் கழட்டி வைங்க, துருப் பிடிச்சிறப் போகுது" என்று அத்தை சொல்வாள். துருப் பிடிப்பது கோட்டா அவரா என்று விளக்க மாட்டாள்.

என் அப்பா சவுதியில் இருந்தார். அம்மாவும் நானும் மாமா வீட்டு மாடியில் குடியிருந்தோம். அதனால் சங்கத்தின் சேவைகள் அத்தனையும் எங்கள் வீட்டிலிருந்துதான் கிளம்பிப் போவதுபோல் எனக்கு இருக்கும். கண் சிகிச்சை முகாம் என்றால் நாற்காலிகள் எங்கள் வாசலில் வந்து இறங்கும். ரத்த தானம் என்றால் பழச்சாறுப் பெட்டிகள் எங்கள் கூடத்தில் அடுக்கியிருக்கும். ஒன்றிரண்டு குறைந்தால் யாரும் கேட்பதில்லை.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு தலைவரும் தன் காலத்தில் நிலையாக ஏதாவது ஒன்றைக் கட்டிவிட்டுப் போக வேண்டும். ஒருவர் பேருந்து நிழற்குடை கட்டினார். ஒருவர் கடைவீதியில் கடிகாரம் வைத்தார். அதன் முள் நின்று வெகுகாலமாகிவிட்டது, வைத்தவர் பெயர் மட்டும் பளிச்சென்று தெரியும். குளத்தங்கரை சிமென்ட் பெஞ்சுகளில் யாருடைய பெயர் மீதாவது முதுகைச் சாய்க்காமல் உட்கார முடியாது. மாமாவுக்கு இவர்களையெல்லாம் மிஞ்சும்படி ஒன்று செய்ய ஆசை. எங்கள் அரசுப் பள்ளிக்கு ஒரு நுழைவு வளைவு கட்டுவது என்று முடிவு செய்தார். லாரியே நுழையும்படி உயரமான வளைவு. எங்கள் பள்ளிக்கு லாரி எதற்கு வரும் என்று யாரும் கேட்கவில்லை.

வளைவுக்கு முன்னோட்டமாக அவர் வேறொரு சேவையைச் செய்தார். அப்போது எங்கு பார்த்தாலும் சீமைக் கருவேலத்தை ஒழிப்பது பற்றித்தான் பேச்சு. எங்கள் பள்ளிக்குப் பின்னால் அது காடாக மண்டிக் கிடந்தது. ஒரு சனிக்கிழமை சங்கத்தார் எல்லாரும் தொப்பி போட்டுக்கொண்டு வந்தார்கள். ஜேசிபி ஒன்று வந்து முள்ளையெல்லாம் வேரோடு வாரித் தள்ளியது. மாமா அதன் பக்கவாட்டில் ஏறி நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டார். மாலைக்குள் அந்த இடம் மைதானம்போல் வெட்டவெளியாகிவிட்டது. நடுவில் ஒரு தகரப் பலகை நட்டு, சங்கத்தின் பெயரையும் அதற்குக் கீழே மாமாவின் பெயரையும் எழுதி வைத்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் சிநேகிதிகளை அழைத்துப் போய்ப் படித்துக் காட்டினேன்.

அடுத்த மாதம் பள்ளி ஆண்டு விழா. மாமா சிறப்பு விருந்தினர். அத்தை பட்டுச் சேலையில் மேடையில் உட்கார்ந்திருந்தாள். வர வேண்டிய அதிகாரி ஒருவருக்காக விழா தொடங்காமல் நீண்டுகொண்டே போனது. அதற்குள் மேடையில் இருந்தவர்களுக்குக் கலர் கொடுத்தார்கள், மோர் கொடுத்தார்கள், பிறகு டீயும் கொடுத்தார்கள். அத்தை மரியாதைக்கு எல்லாவற்றையும் வாங்கிக் குடித்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் மேடையிலிருந்து இறங்கி வந்து என் கையைப் பிடித்தாள்.

"அடியே, இங்க பாத்ரூம் எங்கிட்டு இருக்கு?"

எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீடு பள்ளிக்கு அடுத்த தெரு. மத்தியானம் சாப்பிட வீட்டுக்குத்தான் போவேன். பள்ளியில் அப்படி ஒன்றைத் தேட வேண்டிய தேவையே எனக்கு வந்ததில்லை. ஓட்டுக் கட்டடத்துக்குப் பின்னால் கழிப்பறை என்று எழுதியிருந்த நினைவில் அங்கே கூட்டிப் போனேன். கதவு இருந்த இடத்தில் சட்டம் மட்டும் இருந்தது. உள்ளே உடைந்த பெஞ்சுகள் கூரைவரை அடுக்கிக் கிடந்தன.

"அங்கிட்டுப் போகாதீங்கம்மா, பாம்பு கெடக்கும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கோலாட்டத்துக்காகப் பாவாடை தாவணியில் நின்ற ஒன்பதாம் வகுப்பு அக்கா ஒருத்தி. பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள்.

"அப்ப நீங்கள்லாம் எங்கிட்டுத்தான் ஆத்தா போவீக?" என்று அத்தை கேட்டாள்.

அக்கா மோவாயால் வெட்டவெளியைக் காட்டினாள். "முன்ன அங்கிட்டு முள்ளுக்காடு இருந்துச்சு, மறைவா இருக்கும். இப்பத்தான் வெட்டிட்டாங்களே."

"இப்ப?"

"காலையில வீட்டுல போயிட்டு வருவோம். அப்பறம் சாயங்காலம் வீட்டுக்குப் போயித்தான். தண்ணி குடிக்க மாட்டோம்."

அத்தை குரலைத் தாழ்த்தி, "அந்த நாள்ல?" என்றாள்.

"லீவு போட்டுருவோம்மா. எங்க வகுப்புல ரெண்டு பேரு நின்னே போயிட்டாளுக."

எந்த நாள் என்று நான் கேட்டேன். அத்தை வெட்டவெளியின் நடுவில் நின்ற தகரப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமாவின் பெயர் அவ்வளவு தூரத்திலும் நன்றாகத் தெரிந்தது.

அடுத்த தெரு வீடுவரை போகக்கூடப் பொறுக்கவில்லை, பள்ளிக்கு எதிர்வீட்டு அம்மா ஒருத்தி புண்ணியத்தில் அத்தையின் அவசரம் தீர்ந்தது. நாங்கள் திரும்பி வந்தபோது மாமா ஒலிபெருக்கியில் வளைவை அறிவித்துக்கொண்டிருந்தார். எல்லாரும் கை தட்டினார்கள். அத்தை மட்டும் கையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்னாள்: "நீங்க செஞ்ச சேவையப் போயிப் பாத்துட்டு வந்தேன்."

"எப்புடி இருக்கு?" என்றார் மாமா ஆவலாக.

"சுத்தமா இருக்கு. ஒண்ட ஒரு செடி இல்ல. பொம்பளப் புள்ளைக எல்லாம் பகல் முச்சூடும் தண்ணி குடிக்காமக் கெடக்குதுக."

மாமா கோட்டைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தார். முள்ளை வெட்டியது நல்ல காரியம்தான், ஊரே வெட்டுகிறது, நான் மட்டும் என்ன தப்புச் செய்தேன் என்றார். கழிப்பறை கட்டுவது அரசாங்கத்தின் வேலை என்றார். வளைவு என்று அறிவித்தாயிற்று, இனி மாற்றினால் சங்கத்தின் கௌரவம் என்னாவது என்றார். அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நிதானமாக ஒரு பந்தயம் கட்டினாள்.

"நாளைக்குக் காலையில கடையில போயி உக்காருங்க. பள்ளிக்கூடம் விடுற நேரம் வரைக்கும் ஒதுங்கப் போகாம இருங்க. இருந்துட்டா வளைவு கட்டிக்கங்க, நானே வந்து ரிப்பன் புடிக்கிறேன்."

மாமாவுக்குச் சர்க்கரை இருந்தது. ஆனாலும் வீம்பு அதைவிடக் கூடுதல். சரி என்றுவிட்டார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காவலுக்கு என்னைக் கடையில் உட்கார வைத்தார்கள். மாமா காலையில் வழக்கமான டீயை வேண்டாம் என்றார். டீக்கடைப் பையன் உடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனான். கொஞ்ச நேரத்தில் தண்ணீர்ப் பாட்டிலைத் தள்ளி வைத்தார். வெயில் ஏற ஏற ஒரு காலை மற்றொரு கால்மேல் போட்டார், பிறகு மாற்றிப் போட்டார். கம்பி வாங்க வந்த ஒரு கொத்தனார் தன் வீட்டுக் கதை முழுவதையும் சொல்லத் தொடங்கினார். மாமா அவரைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. கடைசியில் எழுந்து, "பேங்க் வரைக்கும் போயிட்டு வாரேன்" என்று வேகமாகப் பின்பக்கம் போனார். ஞாயிற்றுக்கிழமை பேங்க் ஏது என்று நான் கேட்பதற்குள் மறைந்துவிட்டார். மத்தியானச் சோறுகூட அப்போது ஆகியிருக்கவில்லை.

வீட்டில் நான் எதுவும் சொல்லவில்லை. அவராகவே சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னார். "வளைவ அடுத்த தலைவரு பாத்துக்கிருவாரு."

அதற்குப் பிறகு அவர் பின்வாங்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும். சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, தான் வெட்டியது வெறும் முள் இல்லை என்று எல்லார் முன்னாலும் சொன்னாராம். தண்ணீர்த் தொட்டியும் தாழ்ப்பாளும் உள்ள நல்ல கழிப்பறையாகக் கட்டத் தீர்மானம் போட்டார்கள். தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்கள் நன்கொடை என்றதும் நெளிந்தார்கள். பணம் இல்லாதவர்கள் இல்லை அவர்கள். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. நன்கொடை கொடுத்தவர் பெயரைக் கல்வெட்டில் பொறிப்பது சங்கத்தின் வழக்கம். வளைவில் பெயர் போட முன்வந்தவர்களுக்குக் கழிப்பறையில் பெயர் போட மனம் வரவில்லை. பெயர் இல்லாமல் கொடுக்கவும் மனம் வரவில்லை.

மாமா கடைகடையாக ஏறி இறங்கிச் சலித்துப்போனார். ஒரு மாலை அத்தை என்னையும் கூட்டிக்கொண்டு அவரோடு கிளம்பினாள். முதலில் ஜவுளிக்கடை. முதலாளி எங்களுக்குச் சோடா வரவழைத்தார். கல்வெட்டு எங்கே வரும் என்று கேட்டார். கழிப்பறை வாசலில் என்றார் மாமா.

"எங்க அப்பா பேருல குடுக்கலாம்னு இருந்தேங்க" என்று முதலாளி இழுத்தார். "அவரு பேரக் கொண்டு போயி அங்கிட்டு வைக்கிறதுன்னா..."

"அப்ப ஒங்க பேர வைங்க" என்றாள் அத்தை.

"அய்யய்யோ, எனக்கு ரெண்டு பயலுக இருக்காங்கம்மா, நாளைக்குப் பொண்ணு கேட்டுப் போகணும்."

பில் போடும் இடத்தில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். அதுவரை தலை நிமிராமல் ரசீது கிழித்துக்கொண்டிருந்தவர், சட்டென்று பேனாவை வைத்துவிட்டு, "எம்பேரப் போடுங்க அண்ணே" என்றார்.

முதலாளி திரும்பிப் பார்த்தார்.

"கடைப் பலகையில ஒங்க பேரு, வீட்டு வாசல்ல ஒங்க அப்பா பேரு, வண்டியில பயலுக பேரு. எம்பேருக்கு ஒரு எடங் கெடைக்கிது, விடுங்க" என்றார் அந்த அம்மா. சொல்லிக்கொண்டே கல்லாப் பெட்டியைத் திறந்தார்.

அத்தை அன்று அந்த ஒரு கடையோடு நிற்கவில்லை. அடுத்த கடையில் முதலாளியைத் தேடவே இல்லை, நேராக அவர் வீட்டுக்குள் போனாள். மருந்துக்கடைக்காரர் மனைவி, பாத்திரக்கடை அம்மாளின் மருமகள், அரிசி ஆலைக்காரரின் தங்கை, பஸ் ஸ்டாண்டில் பூக்கட்டும் பெண் என்று ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். ஆள் சேரச் சேர அவர்களுக்கே ஓர் உற்சாகம் வந்துவிட்டது. ஊர்க் கல்யாண மண்டபத்தில் பலகாரக் கடை போட்டார்கள். அதிரசமும் சீடையும் விற்றார்கள். கணவன்மார்களை வரிசையில் நிற்க வைத்து விலை குறைக்காமல் விற்றார்கள். மாமா கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு எண்ணெய்ச் சட்டிக்கு விறகு தள்ளினார். அவர் கோட்டில்லாமல் சங்க வேலை செய்ததை நான் பார்த்தது அன்றுதான்.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த சில நாளில் கட்டடம் முடிந்துவிட்டது. வாசலில் கறுப்புக் கல். அதில் அத்தனையும் பெண்கள் பெயர். முதல் பெயர் என் அத்தையுடையது. சங்கத்தின் பெயர் கடைசி வரியில் பொடி எழுத்தில் இருந்தது. எனக்கு அது மானக்கேடாகிப்போனது. என் வகுப்புப் பயல்கள், "ஒங்க அத்தை பேரக் கக்கூஸ்ல எழுதிருக்காங்க" என்று பாடவே ஆரம்பித்துவிட்டார்கள். நான் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்து, பெயரை எடுத்துவிடச் சொல்லி அத்தையிடம் மன்றாடினேன்.

அத்தை சிரித்தாள். "எம்பேரு ரேஷன் கார்டுல இருக்கு. கல்யாணப் பத்திரிகையில ஒரு தடவ போட்டாக. கல்லுல யாருடி எழுதுனாக? அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எனக்குச் சோறு போட்டாள்.

திறப்பு விழாவுக்கு ஒரு பெரிய மனிதரை அழைத்திருந்தார்கள். கழிப்பறைக்கு ரிப்பன் வெட்டுகிற படம் பத்திரிகையில் வருமே என்று யோசித்திருக்கிறார். வேலை இருப்பதாகச் சொல்லியனுப்பிவிட்டார். மாமா கத்தரிக்கோலை அத்தை கையில் கொடுத்தார். அவள் ஒரு வெட்டு வெட்டினாள். ஜவுளிக்கடை அம்மா குலவையிட்டார். பேச்சு ஏதாவது பேசச் சொன்னார்கள். அத்தை ஒலிபெருக்கியை வாங்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. பிறகு திறக்கும் சத்தம். கதவு திறக்கவில்லை. மறுபடியும் போட்டாள், திறந்தாள். மறுபடியும். வெளியே சங்கத்தார் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். இரும்புக்கடைக்காரர் வீட்டம்மா சரக்கைச் சோதித்துத்தான் வாங்குவார்கள் என்று ஒருவர் கிண்டல் செய்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டேன்.

என் பின்னால் பத்தாம் வகுப்பு அக்காக்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. மூச்சுக்கூட விடாமல் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஒரு தாழ்ப்பாளில் அப்படிக் கேட்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்க இன்னும் ஒரு வருஷம் ஆயிற்று.